அப்பாவின் நெஞ்சுவலி அட்மிட் ஆனபோது

ஆடித் தள்ளுபடி ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கோபிச்செட்டிபாளையம் அம்சவேணி சில்க்ஸ் வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்கோ வாங்கோ" என்றும் போகிறவர்களை எல்லாம் "போயிட்டு வாங்கோ" என்றும் கும்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பா சென்னியப்பனின் நெஞ்சுக்குள் ஒரு வலி வந்தது. வந்த வலியையும் அவர் "வாங்கோ" என்றுதான் கும்பிட்டார் என்று பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் ஆள் சரிந்து, ஆட்டோவில் ஏற்றப்பட்டு, சௌபாக்கியா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஊசி போட்டு மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில், ஒரு நீளமான ஏப்பத்துக்குப் பின்னால், அந்த வலி அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, கட்டில் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது.

வேகவைத்த கத்தரிக்காய் நிறம். இடுப்பு உயரம். கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. கைகள் மட்டும் பரோட்டா மாஸ்டர் கைகள் மாதிரி திரண்டு, விரல்கள் மடங்கியே இருந்தன. பிழிந்து பிழிந்து பழகிய கைகள் வேறு எப்படி இருக்கும்.

நான் இதை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வாரம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தலைமையாசிரியை குரலில் மைக்கைப் பிடித்து "மழை காரணமாக" என்று நான் விடுமுறை விட்டதில், சுள்ளென்று அடித்த வெயிலில் முக்கால்வாசிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போய்விட்டது, அதனால் எனக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் விடுமுறை கொடுத்திருந்தார்கள். என் பெயர் கோகிலவாணி. பாட்டு சுத்தமாக வராது. ஆனால் யார் குரலும் வரும்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் எங்களை முதலில் விசாரித்தது டாக்டர் இல்லை, இன்சூரன்ஸ் டெஸ்க் திலகராஜ் அண்ணன்தான். அவர் எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்பார். "கேஷ்லெஸ்ஸுங்களா, கையில கட்டிட்டு வாங்கிக்கறீங்களா" என்று அவர் மூக்கால் இழுத்துக் கேட்டதை அம்மாவிடம் நான் அப்படியே திரும்பச் சொன்னேன். எந்த வாயிலிருந்து வந்தது என்று தெரியாமல் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து, "கடையில எடுத்துக் குடுத்த கார்டு இருக்குதுங்க" என்று நீட்டினாள்.

வலி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை முதலில் கவனித்தது ஷைனி சிஸ்டர். பாலக்காட்டுக்காரர். டிரிப்ஸ் பாட்டிலைத் தட்டிக்கொண்டே அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு ஆள் மதி, போதும். மத்தவங்க எல்லாம் வெளியில் போகணும்."

"நான் பொஞ்சாதிங்க சிஸ்டர்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். இது அவர்கூட உள்ளேயே வந்தது. நீங்க பின்னாலதானே வந்தீங்க."

நியாயம்தானே. அம்மா முறைத்துக்கொண்டே வெளியே போய், கேன்டீனில் காப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஒன்று வாங்கியிருக்க வேண்டும். இரண்டு வாங்கி வந்தாள். ஒருத்தர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தர் மட்டும் காப்பி குடிப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. பங்காளிச் சண்டைக்கு அருவாளோடு வந்தவனுக்கும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பார்கள். அப்பா படுத்த வாக்கிலேயே, "எடுத்துக்குங்கோ, ஆறிப்போயிரும்" என்று உபசாரம் வேறு செய்தார். வலி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கியது. அதற்கு அதுவரை எல்லோரும் ஊசிதான் கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தைலம் தேய்த்திருக்கிறார்கள். காப்பி யாரும் கொடுத்ததில்லை. குடித்து முடித்துவிட்டு அது அப்பாவைப் பார்த்தது. பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி பிடித்துப்போன மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தது.

டாக்டர் அருணகிரி வந்தார். ஒவ்வொரு வார்த்தையும் பில்லில் ஏறும் என்று பயப்படுகிறவர் மாதிரிப் பேசுவார்.

"வெளிய வந்திருச்சு. நல்லது. வீட்டுக்குப் போலாம்."

அம்மா கும்பிட்டாள், அப்பா எழுந்து வேட்டியைக் கட்டினார், நான் செருப்பைத் தேடினேன், அதற்குள் திலகராஜ் அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கீங்கக்கா கிளம்பிட்டீங்க? ஒரு நாள் முழுசும் படுத்தாத்தான் இன்சூரன்ஸ். வந்தோம், ஊசி போட்டோம், போனோம்னா கம்பெனி சல்லிக்காசு தராது. பில்லு உங்க தலையில."

"சரியாப்போச்சுன்னா வீட்டுக்குப் போகக்கூடாதுங்களா?"

"சரியாப்போனதுதானுங்கக்கா பிரச்சினையே."

அம்மா பில்லைப் பார்த்தாள். பிறகு என் காதுத்தோட்டைப் பார்த்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

திலகராஜ் அண்ணனும் இரக்கமில்லாத ஆள் இல்லை. பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார். "நோயாளி குணமாயிட்டாருங்க. அத நான் மாத்த முடியாது. ஆனா நோய் இங்கதானே உக்காந்திருக்குது? நோயைப் படுக்க வெச்சிருங்க."

அப்படித்தான் எங்கள் அப்பாவின் நெஞ்சுவலி அப்பாவின் பெயரிலேயே அட்மிட் ஆனது. அதற்குக் கையில் பட்டை கட்டினார்கள். பச்சைச் சட்டை மாட்டினார்கள்; தலை நுழையவில்லை என்பதால் முன்பின்னாக மாட்டினார்கள். அப்பா கழுத்தில் 'உடனிருப்பவர்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, அதே நாற்காலியில், தன் வலிக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். டாக்டர் அருணகிரி போகிற போக்கில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வழக்கத்தைவிட அதிகமாக வார்த்தை செலவு செய்து சொன்னார்:

"அதை நெருங்க விடாதீங்க. மறுபடி உள்ள ஏறுச்சுன்னா இறங்காது. ஆள் தாங்க மாட்டாரு."

அதாவது, பில்லுக்காக அதை ஒரு முழு நாள் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். உயிருக்காக அதை எட்டியே வைக்க வேண்டும். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தன் ஒயர்கூடையை வைத்தாள். ஒயர்கூடையைத் தாண்டி யாரும் வந்துவிட முடியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மத்தியானம் கம்பெனியிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன. வலிக்கும் பாலிசிதாரருக்கும் என்ன உறவு? ரத்த சம்பந்தம் என்று திலகராஜ் அண்ணன் கம்ப்யூட்டரில் தட்டினார். வலியின் அடையாளச் சான்று? அதன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். காகிதம் கசங்கிப் பிழிபட்டு வந்தது. கையுறைக்கும் பஞ்சுக்கும் பணம் தர முடியாது, அவை மருத்துவப் பொருள்கள் அல்ல. அப்படியென்றால் பூஜைப் பொருள்களா என்று அம்மா கேட்டாள். கடைசியாக ஒரு கேள்வி வந்தது: இந்த வலி பாலிசி எடுப்பதற்கு முன்பே உண்டா?

"இதுக்கு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் திலகராஜ் அண்ணன். "ஏற்கெனவே இருந்த வியாதின்னா காத்திருப்புக் காலம் இருக்குதுங்க. மூணு வருஷம் பொறுத்துத்தான் பணம்."

"அதுவரைக்கும் வியாதி காத்திருக்குமுங்களா?"

"வியாதி எங்கீங்கக்கா காத்திருக்கும்? நீங்கதான் காத்திருக்கணும்."

எல்லோரும் வலியைப் பார்த்தோம். அது இல்லை என்று தலையாட்டியது. புதிதாய் வந்த வலிதான். அண்ணன் அதை எழுதிக்கொண்டார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார், ஒரு பெண் குரல், பன்னீர் தெளித்த மாதிரி, "வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு டிங்டிங் டிடிங் என்று இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை தலையணையைப் பிழிந்துகொண்டும் கட்டில் கம்பியை முறுக்கிக்கொண்டும் இருந்த வலி, அந்தக் குரலைக் கேட்டதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. எங்களைப் போலவே. அந்த எமர்ஜென்சியில் இருந்த அத்தனை பேரையும் போலவே.

நான் அந்தக் குரலை அங்கேயே நாக்கில் வாங்கிக்கொண்டேன். டிங்டிங் டிடிங்கையும் சேர்த்து.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சென்னியப்பன் நெஞ்சுவலியைப் பார்க்க என்று ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். வந்தவர்கள் சென்னியப்பனைப் பார்த்து "நீங்க எப்படி இருக்கறீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஷைனி சிஸ்டர் வந்த சாத்துக்குடியை எல்லாம் வலியின் கையில் கொடுத்தார். ஒரே அமுக்கு. ஒரு கொட்டைகூட விழாமல் ஜூஸ். வார்டு முழுவதற்கும் ஒரு டம்ளர் போனது. அடுத்த கட்டில்காரர் மனைவி துவைத்த லுங்கியை நீட்டினாள்; அது பிழிந்து கொடுத்ததில் லுங்கி அங்கேயே காய்ந்துவிட்டது. கேன்டீன்காரர் ஒரு கூடை தேங்காய்த் துருவலோடு வந்து, "ராத்திரி குருமாவுக்கு, கொஞ்சம் பால் மட்டும்" என்று பல்லைக் காட்டினார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "இப்படித்தான் எங்க சின்ன மாமனாரு, சாப்பிட்டுக் கை கழுவப் போனவரு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார், "எங்க ஊட்டுப் பக்கத்துல ஒருத்தரு, தும்முனாரு, அவ்வளவுதான்" என்று இன்னொருத்தர் எடுத்தார், கடை முதலாளி அனுப்பிய கணக்குப்பிள்ளை நின்றவாக்கிலேயே மூன்று பேரைச் சாகடித்தார். ஒவ்வொரு கதைக்கும் வலி ஒரு சுற்றுப் பருத்தது. பச்சைச் சட்டையின் தையல் விட்டது. சொந்தக்காரர்களின் பெருமையைக் கேட்கிற சந்தோஷம் அதற்கு. கதை கேட்டுக்கொண்டே அது கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. அம்மா ஒயர்கூடையை நகர்த்தினாள், அது மறுபடி நகர்ந்தது. அப்பா நாற்காலியோடு பின்னால் போய்ப் போய் சுவரில் முட்டி நின்றார். முட்டி நின்றவர், "பரவால்லீங்க, நல்லா கால நீட்டிக்குங்கோ" என்றார்.

"ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதா? அது உங்க நெஞ்சப் பாத்துட்டே இருக்குது, நீங்க கால நீட்டுன்னு சொல்றீங்க" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"வந்தவீங்கள எப்படி புள்ள மூஞ்சியக் காட்டறது?"

அன்று இரவு முழுவதும் நான்தான் அதற்கு வேடிக்கை காட்டினேன். டாக்டர் குரலில் பேசினேன், திலகராஜ் அண்ணன் குரலில் கணக்குப்பிள்ளையிடம் கார்டு கேட்டேன், ஷைனி சிஸ்டர் குரலில் ஷைனி சிஸ்டரையே வெளியே போகச் சொன்னேன். வலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நெஞ்சுவலி சிரித்து நீங்கள் பார்த்ததில்லை; கட்டில் ஒரு பக்கமாக நடக்கும். எப்போதெல்லாம் சிரிப்பு நின்று அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்க்க ஆரம்பித்ததோ, அப்போதெல்லாம் டிங்டிங் டிடிங் போட்டேன். உடனே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சோற்று நேரத்துக்குச் சற்று முன்னால் அப்ரூவல் வந்தது. கையுறை, பஞ்சு, காப்பி நீங்கலாக. திலகராஜ் அண்ணன் தானே ஓடி வந்து சொன்னார். பெண் குழந்தை பிறந்த செய்தி சொல்கிற மாதிரி அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. அம்மா என் தோட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். வலிக்கு டிஸ்சார்ஜ் எழுதினார்கள்.

இனி வாசல்தான் பாக்கி.

எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் யாரும் யாருக்கும் போயிட்டு வாங்க என்று சொல்லமாட்டார்கள், கவனித்திருப்பீர்கள். போகிறவர்கள் வரேன் என்று சொல்லமாட்டார்கள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டுவார், சிஸ்டர் சுவரைப் பார்ப்பார், வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். சொன்னால் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் இருபது வருடமாகக் கடை வாசலில் அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் சம்பளம் வாங்குகிறார். ஒன்றும் வாங்காமல் எல்லாப் புடவையையும் பிரித்துப்போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் சொல்வார். மழைக்கு ஒதுங்கின ஆட்டுக்கும் சொல்வார். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது கனவில் வந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

அதனால் அம்மா ஒரு பெரிய கடலை உருண்டையை அவர் வாயில் முழுசாகத் திணித்தாள். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இது கரையக் கூடாது. கடிச்சீங்கன்னா பாருங்க."

ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. ஷைனி சிஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டார். வலி பச்சைச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, படி இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் ஒரு காலை வைத்தது. அத்தோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது திரும்பியது. திரும்பி, மடங்கிய விரல்களைக் கஷ்டப்பட்டு விரித்து, இரண்டு கையையும் சேர்த்து, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டது.

அப்பாவின் கன்னம் அசைந்தது. கடலை உருண்டை உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"போயிட்டு வாங்கோ" என்றார் அப்பா.

ஒரு காக்கா கத்தியது. டாக்டர் அருணகிரி கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவின் கையிலிருந்து ஒயர்கூடை விழுந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் படியில் உருண்டது. வலி ரோட்டில் வைத்த காலை எடுத்தது, கேட்டுக்குள் வைத்தது. முகமெல்லாம் சந்தோஷம். அப்பாவின் சட்டையில் அந்த இரண்டாவது பொத்தான் தானாகக் கழன்றது.

நான் அந்தப் பன்னீர்க் குரலை எடுத்தேன்.

"வணக்கம். தங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

வலி நின்றது.

"கூப்ட்டாங்கல்லோ" என்றது. அது பேசியதை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லவில்லை, பந்தியில் இலை போடாமல் விட்டுப்போன ஆள் மாதிரிச் சொன்னது.

"தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்றேன், பன்னீர் தெளித்து. "எங்கள் பதிவேட்டின்படி தாங்கள் நேற்றே இந்த நெஞ்சில் இருந்தவர்; எனவே ஏற்கெனவே இருந்த நோய். ஏற்கெனவே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடங்கள். அதற்கு முன்னர் நுழைய அனுமதி இல்லை."

வலி திலகராஜ் அண்ணனைப் பார்த்தது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, தன் வாழ்நாளில் நூறு குடும்பங்களுக்குச் சொன்ன அதே முகத்தோடு சொன்னார்: "ஆமாங்க. ரூல் அதானுங்க. என் கையில ஒண்ணுமில்லைங்க."

"அப்ப நான் எங்கீங்க இருக்கட்டும்?"

"தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்றேன். டிங்டிங் டிடிங்.

அது சுற்றுமுற்றும் பார்த்தது. கேட்டுக்கு வெளியே, இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் போய், கையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. நான் டிடிங் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து ஆட்டோவில் ஏறினேன். அப்பாவின் வாயை அம்மா முந்தானையால் பொத்தியிருந்தாள்.

இன்னும் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இளநீர்க்காரர் சும்மா இருக்கும் கையை எதற்கு விடுவது என்று கரும்பு ஜூஸும் ஆரம்பித்துவிட்டார், மெஷின் வாங்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் "என்னங்க, வந்துருச்சுங்களா" என்று அதைக் கேட்கிறார்கள், "இல்லீங்க, பரிசீலனைல இருக்குதாமா" என்று அது சொல்கிறது, "எங்களுக்கும் அப்படித்தான் இழுத்தாங்க" என்று அவர்களும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். நான் வாரத்துக்கு ஒரு தடவை ட்யூஷன் போகும் வழியில் இளநீர்க்கடைக்குப் பின்னால் நின்று, பன்னீர்க் குரலில் இன்னொரு ஆவணம் கேட்டுவிட்டு வருவேன். நெஞ்சின் இருப்பிடச் சான்று. கடைசியாகக் குடித்த காப்பியின் ரசீது.

போன மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்று மட்டும்தான் வந்தது. ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது; வலி பெஞ்சிலிருந்து எழுந்து எழுந்து பார்க்கிறது என்று இளநீர்க்காரர் சொல்லியனுப்பினார். அம்மா சுவாமி படத்தைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டினார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"நானே போய்ச் சொல்லிப்போட்டு வர்றனே."

"உங்களுக்கு யாருக்காச்சும் இல்லைன்னு சொல்ல வருமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நான் சத்தமில்லாத தொண்டையோடு பின்னாலேயே ஓடினேன். அப்பா பெஞ்சுக்கு எதிரில் போய் நின்றார். கை பழக்கத்தில் கும்பிடப் போனது; பாதியில் அதைப் பிடித்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். வலி அவருடைய பொத்தானைப் பார்த்தது.

"இன்னும் ஒரு பேப்பர் வேணுமுங்களாமா" என்றார் அப்பா. என்னைப்போல் வேறு யார் குரலும் அவருக்கு வரவில்லை, அவருடைய குரல்தான், கொஞ்சம் உடைந்துகூட இருந்தது. "கொண்டாந்தாத்தான் பாப்பாங்களாமா."

வலி பெருமூச்சு விட்டது. மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தது. கையை மடியில் வைத்தது. அப்பா திரும்பி நான்கு எட்டு வைத்திருப்பார், பின்னாலிருந்து, அவர் கற்றுக்கொடுத்த அதே பணிவோடு, அதே இழுப்போடு அது சொன்னது:

"போயிட்டு வாங்கோ."

அப்பாவின் முதுகு விறைத்தது. வரேனுங்க என்ற வார்த்தை அவர் கழுத்து வரைக்கும் வந்ததை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். அவர் நிற்கவில்லை. திரும்பவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, என் அப்பா தன் பிறப்பிலேயே முதன்முறையாக ஒரு மரியாதை கெட்ட மனுஷனாக வீடு வந்து சேர்ந்தார்; அம்மா அந்த மரியாதை கெட்ட மனுஷனுக்குச் சர்க்கரையைக் குறைத்துப் பாயசம் வைத்தாள்.